தலைவர் விழித்திருந்தாரா?

நீங்கள் எழுதியதை ஒரு நீதிபதி முன்னால் நீங்களே சத்தமாக வாசித்திருக்கிறீர்களா? போன மாதம் எனக்கு அந்தக் கொடுப்பினை கிடைத்தது. இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன், யாரும் கூண்டில் ஏற்றியதில்லை. இரண்டே வருடம் அபார்ட்மென்ட் மினிட்ஸ் எழுதினேன்... ஏற்றிவிட்டார்கள்!

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். தரைத்தளத்தில் பிலோமினா அக்கா. அவர் கணவர் செல்வராஜ் அண்ணன், கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது வீல்சேரில் இருக்கிறார். வாசலில் ஐந்து படிகள். மூன்று வருடம் முன்பு, அசோசியேஷன் சம்மதத்தோடு, படிகளின் ஓரமாக ஒரு சாய்தளம் கட்டிக்கொண்டார்கள்.

போன வருடம் அசோசியேஷன் தலைவர் நஞ்சுண்டப்பாவின் மகன் பெரிய கார் வாங்கினான். கார் திரும்ப சாய்தளம் இடைஞ்சல். "யாரைக் கேட்டுக் கட்டினீங்க?" என்று ஒருநாள் உடைத்தே விட்டார்கள். அக்கா சிவில் கோர்ட்டுக்குப் போனார். சம்மதம் கொடுத்த கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தைத் தாக்கல் செய்யும்படி அசோசியேஷனுக்கு உத்தரவு வந்தது. "காணவில்லை" என்றது அசோசியேஷன். அடுத்த வாய்தாவிலும் காணவில்லை. அதற்கடுத்ததிலும்...

காணவில்லையா? என் வீட்டுப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்கு அடியில், சௌக்கியமாக இருந்தது!

அன்றைய செயலாளர் நான்தான். பதவி போனது, புத்தகம் போகவில்லை. தலைவர் கேட்கும்போதெல்லாம் "தேடுறேன் சார்" என்பேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை – வெறும் பயம். கூட்டத்தில் பொழுது போகாமல், தலைவரைப் பற்றி அதில் கொஞ்சம் இலக்கியம் படைத்திருந்தேன். புத்தகம் இல்லாவிட்டாலும் கோர்ட் அக்காவைக் கைவிடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, எட்டு மாதம் ஓட்டினேன்.

ஒரு சாயங்காலம், ஜன்னல் வழியாக செல்வராஜ் அண்ணன் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, வெளிய மழையா?"

"லேசா தூறுதுண்ணே."

"நான் நனைஞ்சு எட்டு மாசம் ஆவுது. சுரங்கத்துல கூட ஷிப்ட் முடிஞ்சா மேல ஏத்திடுவாங்கப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே பரணில் ஏறினேன்.

அடுத்த வாய்தாவில் புத்தகம் கோர்ட்டுக்கு வந்தது. திறந்து பார்த்த தலைவர் திருதிருவென்று முழித்தார். அவருடைய வக்கீலும் முழித்தார். நான் பெங்களூரிலேயே பிறந்தவன். கன்னடம் சரளமாகப் பேசுவேன், எழுத வராது. கூட்டத்தில் பேசிய கன்னடத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். கன்னடக்காரருக்கு எழுத்து புரியாது; தமிழ்க்காரருக்கு மொழி புரியாது. இரண்டும் தெரிந்த ஒரே அறிவாளி நான்தான். "எழுதினவரே வந்து படிக்கட்டும்" என்றார் நீதிபதி.

படித்தேன். தமிழில் சொன்னால்: "பதினொன்று பத்து முதல் பதினொன்றரை வரை தலைவர் கண்களை மூடி, சத்தத்துடன் ஆலோசித்தார்."

கோர்ட்டே குலுங்கியது. தலைவர் முறைத்த முறைப்பில் அடுத்த வரி எனக்கே மங்கலாகத் தெரிந்தது. "சாய்தளம் பற்றித் தலைவர் சொன்னது – கட்லி பிடி, பாப." கட்டிக்கட்டும் விடுங்க, பாவம் என்று அர்த்தம்.

அசோசியேஷன் வக்கீல் துள்ளி எழுந்தார். தூக்கத்தில் சொன்னது எப்படிச் சம்மதம் ஆகும் என்று கேட்டார்.

நஞ்சுண்டப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நித்தேலி யாக்கே ஹேளலி ஸ்வாமி? சென்னாகே எச்சர இத்தே!" தூக்கத்தில் நான் ஏன் சொல்கிறேன், நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று எழுந்து நின்று முழங்கினார். முழங்கிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நானே சொன்னதம்மா... மறந்துட்டேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கை கூப்பினார். மனிதர் நல்லவர்தான். புத்தகத்தை எட்டு மாதம் முன்பே காட்டியிருந்தால் எட்டு மாதம் முன்பே கூப்பியிருப்பார்!

வெளியே வந்ததும் பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார். "எட்டு மாசம்ப்பா..." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. பொய்ச் சாட்சி சொல்பவனுக்குக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டும். சாட்சியத்தை மறைக்க அதுகூட வேண்டாம் – "தேடுறேன் சார்" போதும்.

மகனின் கார் இப்போது தெருவில் நிற்கிறது. புதுச் சாய்தளம் தயார். போன ஞாயிறு, பார்க்கிங்கில் நடந்த கூட்டத்துக்கு செல்வராஜ் அண்ணன் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

"இனிமே எந்த நோட்டையும் இந்தாள் கையில குடுக்கக் கூடாது."

ஏகமனதாக நிறைவேறியது – நானும் கையைத் தூக்கினேன்!