இரண்டாவது காற்றுக்குழாய்

1989 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரை எடுத்து, ஏழு ஐந்துக்குத் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் கையெழுத்திட்டேன். ஏழரைக்கு முதல் அச்சு அடுப்புக்குள் போனது. அதுவரை அன்றைய என் நாட்குறிப்பில் எழுத்து நேராக இருக்கிறது.

நாங்கள் தண்ணீர்த் தொட்டி செய்பவர்கள். இரும்புத் தகட்டு அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளைக் கொட்டி, மூடியைக் கவ்விகளால் இறுக்கி, பெரிய அடுப்புக்குள் இரு திசையிலும் சுழலவிடுவோம். தூள் உருகி உட்சுவரெங்கும் படியும். சூட்டில் விரியும் காற்று வெளியேற அச்சில் விரல் பருமனில் ஒரு குழாய் உண்டு. அதை வெண்ட் என்போம். தூள் சிந்தாமல் காற்று மட்டும் போக, அதில் இரும்பு நாரைத் திணித்து வைப்போம்.

எங்கள் தொழில் சங்கத்தின் மாத மடல் ஆங்கிலத்தில் வரும். ஆண்டுக் கூட்டம், தூள் விலை, துறைமுகத்தில் தேங்கிய சரக்கு என்று செய்திகள் இருக்கும். ஆனால் சிறு பட்டறைகளில் அடுப்பருகே நிற்பவர்களில் பலர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். அவர்களுக்காக ஒரு பக்கத் தொழில் குறிப்பை நான் தமிழில் எழுதி, படியெடுக்க ஸ்டென்சில் வெட்டி, மடலோடு வைத்து அனுப்புவேன். ஆறு பட்டறைகளுக்குப் போகும். அடுப்புக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்து, அதில் உள்ளபடியே செய்வார்கள். எனக்கு அதில் பெருமை.

மார்ச் தாளில், வெண்ட் வழியாகத் தூள் சிந்துவதைத் தடுக்க நாரை இறுக்கமாக அடைக்கும்படி எழுதியிருந்தேன். பதினொரு நாள் எங்கள் அச்சில் சோதித்துப் பார்த்த பிறகே எழுதினேன்.

பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி வந்தது. கிள்ளான் பட்டறையின் மேற்பார்வையாளர். பத்து வருடமாக அடுப்பருகே நிற்கும் பெண்மணி.

"அண்ணே, கோப்பிக்கடை போன்ல இருக்கேன், கையில சில்லறை இல்ல. பாஸ் மக கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிட்டாரு. உங்க தாள்ல போட்ட மாதிரியே நாரை அடைச்சோம். காலைல வந்த தண்ணி டாங்கி மூடி ஓரமெல்லாம் பிதுங்கிக் கிடக்கு. சரியா அடைக்கலையோன்னு இப்ப இன்னும் இறுக்கி உள்ள விட்டிருக்கேன்."

"உங்க மோல்டுல எத்தனை வெண்ட்மா?"

"ஒண்ணுதான். வேற எத்தனை இருக்கும்?"

எங்கள் அச்சில் இரண்டு. ஒன்றை இறுக்கினாலும் மற்றொன்று வழியாகக் காற்று போய்விடும். பதினொரு நாளும் அந்த இரண்டாவது குழாயை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

"உள்ள போய் எவ்வளவு நேரம்?"

"கால் மணி இருக்கும்."

"உடனே பர்னரை அணைங்க. அடுப்புக் கதவை..."

இணைப்பு அறுந்தது.

கதவைத் திறக்காதீர்கள், யாரும் கிட்டே போகாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அனுபவம் உள்ள கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து, குனிந்து, கொக்கியால் அடைப்பைப் பிடுங்கும். உள்ளே அடைபட்ட காற்றும் உருகிய பிளாஸ்டிக்கும் நேராக முகத்தில் அடிக்கும்.

அந்தப் பட்டறையில் தொலைபேசி இல்லை, கோப்பிக்கடை எண்ணும் எனக்குத் தெரியாது. காரை எடுத்தேன். கிள்ளான் சாலையில் கொள்கலன் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாலத்துக்கு முன்னால் ஒன்பது நிமிடம் அசையவில்லை. அந்த ஒன்பது நிமிடத்தையும் கடிகாரத்தில் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பன்னிரண்டு எட்டுக்குப் பட்டறை வாசலில் இறங்கினேன். ஐந்து தொழிலாளர்களும் வெளியே சாலையோரத்தில் நின்றார்கள். மேற்பார்வையாளர் இல்லை.

"அக்கா எங்க?"

ஒருவர் உள்ளே கை காட்டினார்.

உள்ளே அடுப்புக் கதவு மூடியிருந்தது. பர்னர் சத்தம் இல்லை. அதன் விசையருகே அவர் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"வாங்கண்ணே. கதவைன்னு சொன்னீங்க, போன் கட் ஆயிருச்சு. தொறன்னு சொன்னீங்களா, தொறக்காதேன்னு சொன்னீங்களா? பாதிப் பேச்சை நம்பிக் கை வைக்கக் கூடாதுன்னு பர்னரை மட்டும் அணைச்சு, எல்லாரையும் வெளிய தள்ளிட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல உள்ள டமால்னு ஒரு சத்தம்."

"நல்ல வேளை."

"முழுத் தாளை நம்புனதுக்கே இந்தக் கதி லா."

அடுப்பு ஆறும்வரை இருவரும் நின்றோம். கதவைத் திறந்தபோது தொட்டி பக்கவாட்டில் பிய்ந்திருந்தது. வெண்ட்டில் நார் இல்லை. பிளாஸ்டிக்கோடு சேர்ந்து இறுகி, கட்டைவிரல் அளவுக் கட்டியாக அடுப்பின் எதிர்ச்சுவரோரம் கிடந்தது. தகட்டுச் சுவரில் அது அடித்த பள்ளம், கதவைத் திறந்து குனிபவரின் நெற்றி உயரத்தில் இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"இனிமே எழுதுறதுக்கு முன்னாடி எங்க மோல்டையும் வந்து பாருங்கண்ணே. கோப்பி வாங்கித் தரேன்."

மற்ற ஐந்து பட்டறைகளில் நான்கோடு அதே கோப்பிக்கடையிலிருந்து பேசிவிட்டேன். ஆறாவது போர்ட் கிள்ளானில் இருந்தது. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நேரில் போனேன். கதவில் சங்கிலி. பக்கத்துக் கிடங்குக்காரர், "இன்னிக்கு லீவு, பாஸ். நாளைக்கு ஏழு மணிக்குத் தொறப்பாங்க" என்றார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அடுப்புக்கு எதிரே என் தாள், நான்கு மூலையும் நாடாவால் ஒட்டப்பட்டு, கோணாமல் இருந்தது.

மாலையில் சங்கச் செயலாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஸ்டென்சில்ல ஒரு வரி விட்டுப்போச்சுன்னு போட்டுடலாம். யாரு கேக்கப் போறா?" என்றார். ஸ்டென்சில் வெட்டியது நான். ஒரு வரியும் விட்டுப்போகவில்லை. புதிய தாளின் முதல் வரியை இப்படி வெட்டினேன்: மார்ச் தாளில் வெண்ட் பற்றி நான் எழுதியது தவறு, அதைச் சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள்.

மறுநாள் காலை நாட்குறிப்பைத் திறக்கவில்லை. முகம் கழுவி, கிள்ளானிலிருந்து கொண்டுவந்த அந்தக் கட்டியையும் புதிய தாளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஆறு இருபதுக்குப் போர்ட் கிள்ளான் பட்டறையின் சங்கிலி போட்ட கதவுக்கு முன்னால் நின்றேன்.