சிரட்டைகளில் இருந்த கார்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்வளவு. முதலில் கண்ணில் பட்டது ஒரு கோழி. செம்மண் நிறம், கழுத்தில் இறகு உதிர்ந்த ஒரு வட்டம். அது ஒரு மோட்டார் காரின் பின் இருக்கையில் அடை கிடந்தது. காரை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

நான்கு பேர் இருக்கக்கூடிய திறந்த கார். துணி ஹூட் நார் நாராகத் தொங்கியது. பித்தளை ரேடியேட்டர் பச்சை பூத்திருந்தது. மரக் கம்பிச் சில்லுகள் நான்கும் இருந்தன, ரயர் மூன்றில்தான் இருந்தது. ஒரு தோட்டத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. கடைக்காரர் அதில் இரண்டு வருடம் அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறார். ஒருநாள் அது நின்றது. நின்ற இடத்திலேயே நான்கு மழைக்காலம் கண்டது. விலை ஒரு புதுச் சைக்கிளின் விலையைவிடச் சற்றே அதிகம்.

இது முப்பதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது கண்டியிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கார் எனக்குத் தேவைப்படவில்லை. என் மனைவிக்குத் தேவைப்பட்டது.

அவள் பயிற்சி பெற்ற மருத்துவிச்சி. முந்திய வருடம் ஒரு பின்னேரம் ஹந்தானைத் தேயிலை மலையின் மேல் லயத்திலிருந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளிலிருந்து, ஆள் வந்து அழைத்தது. மழையில் ஒன்றரை மணி நேரம் ஏறி நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது தாய் இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து சேலையில் ஒட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உப்பில் போட்டாள். 

இப்போது அங்குள்ள சில தோட்டங்கள் சேர்ந்து ஒரு மருத்துவிச்சியை வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருந்தன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தோட்ட வைத்தியருக்கு. அவர் எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர், வயதானவர், நாக்கில் முள் வைத்திருப்பவர்.

"உம்முடைய கையில குறையில்லை, பிள்ளை," என்றார் என் மனைவியிடம். "காலிலதான் குறை. நீர் நடந்து வந்து சேர முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும். சொந்த வாகனம் இருக்கிறவவுக்குத்தான் இந்த வேலை. வாற மாதம் முதல் திங்கட்கிழமை வந்து காட்டும்."

அன்று முதல் எண்ணினால் இருபத்தாறு நாள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு தெல்தெனியவுக்குப் போயிருந்தோம். நெல் ஆலைகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர், முஸ்லிம், நாற்பது வயதுக்கு மேல், அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல் நாங்களும் 'நானா' என்றே கூப்பிட்டோம். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த கைப்பிடியை மெல்லச் சுற்றும்படி என்னிடம் சொன்னார். கோழி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"உசிரோட ஈக்கிது," என்றார். "தூங்குது, அவ்வளவுதான்."

கடைக்காரர் சிங்களவர், வியாபாரத்துக்கு வேண்டிய தமிழ் பேசுவார். "மாத்தயா, காரை எடுங்க. கோழிய மட்டும் எழுப்ப வேணாம். நோனா எனக்குத்தான் ஏசும். இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

கடைக்குள்ளிருந்து அந்த நோனாவின், அவர் மனைவியின், குரல் அதை உறுதிப்படுத்தியது. ஒன்பது நாள் எங்களிடம் இல்லை. என் மனைவி காரை நெருங்கிக் கோழியைப் பார்த்தாள்.

"இருக்கையோட தூக்குவம்," என்றாள். "சூடு போகாமல் தூக்கவேணும். ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

இருக்கையைக் கழற்றி, கடைப் பையனையும் சேர்த்து நான்கு பேராகத் தூக்கினோம். அவள் இரண்டு கையாலும் கோழியின் மேல் ஒரு சாக்கை மூடிப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். சாமான் அறையில் இறக்கும்வரை கோழி அசையவில்லை. வாசலில் நின்ற நோனா அதன்பின் எங்களுக்கு வாழைப்பழம் தந்தாள். நானா பழத்தை உரித்தபடி சொன்னார்: "கோழியும் எழும்பல்ல, எஞ்சினும் எழும்பல்ல. ரெண்டும் ஒரே சாதி."

பின் இருக்கை இல்லாத காரை ஒரு சோடி மாடு ஒரு பகல் முழுக்க இழுத்துக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டு வந்தது.

நானாவின் பட்டறை பாலத்துக்குச் சற்று இப்பால், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். செய்தி அனுப்பி முடித்த பின் நான் அங்கே போய் ஒரு பெட்டியின் மேல் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பல பேர் வேலை செய்வதைப் பார்த்து எழுதியவன். இவரைப் போல ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் அவசரப்பட்டதே இல்லை. ஆனால் ஒரு பொருளை இரண்டாம் தடவை கையில் எடுத்ததும் இல்லை. வால்வுகளை ஒரு பசை தடவி உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தயிர் கடைவதுபோல் உருட்டினார், ஒரு நாள் முழுக்க. சாயங்காலம் வால்வை அதன் இடத்தில் பொருத்தி அதன் மேல் பெட்ரோல் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டும் கீழே கசியவில்லை.

தீப்பொறி எழுப்பும் மரப்பெட்டியில் நான்கு மழைக்காலத்தின் ஈரம் ஏறியிருந்தது. வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும் என்றார். தெருவின் மறுகரையில் ரொட்டி சுடும் பாண் போறணை ஒன்று இருந்தது. காலைப் பாண் எடுத்த பிறகு அதில் மிஞ்சும் சூட்டில் அந்தப் பெட்டியை மூன்று நாள் வைத்து எடுத்தார். அந்த மூன்று நாளும் பாணில் எண்ணெய் மணக்கிறது என்று சனங்கள் பேக்கரிக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். அவர் எல்லோரையும் நானாவிடம் அனுப்பினார். நானா, "மணம் மட்டுந்தானே? அதுக்கு அவர் காசு எடுக்கல்லதானே?" என்று கேட்டார்.

அவர் எதையும் எழுதி வைப்பதில்லை. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் நட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் போகும். முதல் கழற்றியது கதவோரம், கடைசியாகக் கழற்றியது பின்சுவர் மூலையில். சுவரை ஒட்டி வரிசையாக நாற்பத்தேழு சிரட்டைகள். பூட்டும்போது மூலையிலிருந்து கதவை நோக்கி வரவேண்டும். அந்த வரிசைதான் கார்.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் காலை அவர் ரேடியேட்டரை ஈயம் பற்றவைக்க எடுத்துக்கொண்டு ஓரிடம் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். பத்திரிகைக்கு வருமுன் நான்கு வருடம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன் நான். எழுத்துப்பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை. அச்சடித்து முடிந்ததும் எல்லா எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும், அதைச் செய்யாதவனை மேற்பார்வையாளர் நிற்க விடமாட்டார். சிரட்டைகளைப் பார்த்தேன். ஒரு சிரட்டையில் மூன்று அளவு போல்ட்கள் கலந்து கிடந்தன. அதே அளவு இன்னொரு சிரட்டையிலும் இருந்தது. உதவி செய்யலாம் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் அளவுவாரியாகப் பிரித்தேன். நாற்பத்தேழு சிரட்டை பதினொன்றாகக் குறைந்தது. மீதிச் சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தேன்.

நானா வந்து ரேடியேட்டரைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார்.

"யாரு இது?"

"நான்தான் நானா. ஒழுங்காக இருக்கட்டும் எண்டு..."

"ஒழுங்காத்தானே ஈந்திச்சு," என்றார்.  நிலத்தில் அமர்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். அவர் வேலை நேரத்தில் புகைத்ததை அன்றுதான் கண்டேன்.

சாயங்காலம் வந்த என் மனைவிக்கு நானே விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "இவருக்கு வீட்டிலயும் இதுதான் வேலை, நானா. நிறம் ஒண்டெண்டு உப்பையும் சீனியையும் ஒரே பேணிக்குள்ள போட்ட மனிசன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமைக்குள்ள முடியுமோ?" என்று கேட்டாள்.

நானா சிரித்தார். "மிஸ்ஸி, நீங்க வயித்தத் தொட்டுப் பாத்து பிள்ளட தல எங்க ஈக்கிதெண்டு சொல்றதில்லையா? அதுதான். கொஞ்சம் பொறுங்க."

அவர் செய்தது இதுதான். ஒரு போல்ட்டை எடுத்துப் பெருவிரலால் புரிகளைத் தடவுவார். தேய்ந்த பக்கம் எது, துரு ஏறிய பக்கம் எது என்று பார்ப்பார். பிறகு ஒரு துளையில் வைத்து விரலாலேயே இரண்டு சுற்றுச் சுற்றுவார். தடையில்லாமல் போனால் அது அதன் இடம். சற்று இறுகினாலும் வெளியே எடுத்துவிடுவார். பலம் போட்டதே இல்லை. பத்து வருடம் ஒரே துளையில் இருந்த இரும்பு அந்தத் துளையின் தேய்வையே தானும் தேய்ந்திருக்கும் என்பது அவர் கணக்கு. நான் பெட்டியில் இருந்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் போல்ட்டுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. இரண்டாம் நாள் மத்தியானத்தில் ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு போல்ட்கள் போயின. இரண்டரை நாளில் பதினொரு சிரட்டையும் வெறுமையாகின. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு துளையும் காலியாக இல்லை. அச்சுக்கூடத்தில் அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை.

பின்னும் ஹூட் தைக்கவும் சில்லுகளை இறுக்கவும் நான்காவது ரயர் போடவும் நாட்கள் போயின. பின் இருக்கை தெல்தெனியவிலிருந்து பஸ்ஸின் கூரையில் வந்து சேர்ந்தது. பதினொரு குஞ்சு என்று கொண்டக்டர் சொன்னார், அது நோனா சொல்லிவிட்ட செய்தி. எஞ்சின் முதல்முறை இயங்கியது ஒரு வியாழக்கிழமை காலை. என் மனைவி ஓட்டப் பழகுவதற்கு மிஞ்சியது நான்கு நாள். அவள் இழந்த இரண்டரை நாள் என் கணக்கில்தான் இருந்தது.

எஞ்சினை அவளே இயக்கவேண்டும் என்பதில் நானா உறுதியாக இருந்தார். பெருவிரலை மடக்காமல் கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் ஒரு வாழைமரம் விழுந்தது. இரண்டாம் நாள் ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் ஒரு மேட்டில் கார் இருமி நின்றது.

நானா தேநீர்க் கடையிலிருந்து ஒரு கேத்தலை வாங்கி வந்தார். "மிஸ்ஸி, இந்தக் கேத்தல்ட மூக்க மேல தூக்கினா தேத்தண்ணி வருமா?"

"வராது."

"பெட்ரோல் தாங்கி உங்கட இருக்கைக்குக் கீழ ஈக்கிது. எஞ்சின் முன்னால. கார்ட மூக்கு மேல போனா பெட்ரோல் பின்னாலேயே நிண்டுரும். அப்ப என்ன செய்யணும்?"

அவள் கேத்தலைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். "பின்பக்கமாக ஏறவேணும்," என்றாள்.

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க சிரட்டையத் தொடமாட்டாங்க," என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தோட்டத்து அலுவலகமான கந்தோர் முன்னால் காரை நிறுத்தினாள். வைத்தியர் சுற்றிப் பார்த்தார், தடியால் ஒரு சில்லைத் தட்டினார். "கந்தோர் வரை ஆள் ஏத்துற தட்டிவானும் வரும், பிள்ளை. மேல் லயத்துக்குப் போகுமோ?"

மேல் லயம் அந்தத் தாய் இறந்த லயம்தான்.

மூன்றாம் வளைவில் கார் நின்றது. பின்னால் நடந்து வந்த வைத்தியர், "சரி, காணும்," என்றார். என் மனைவி இறங்கினாள். அங்கே நின்ற தோட்ட ஆட்களிடம் காரைத் திருப்பித் தரச் சொன்னாள். எஞ்சினைத் தானே இயக்கினாள். வலது கையைச் சக்கரத்தில் வைத்து, தலையைத் தோளுக்கு மேல் திருப்பி, பின்பக்கமாக ஏறத் தொடங்கினாள். அவள் பக்கத்தில் இருந்து நான் நேரம் பார்த்தேன். பதினொரு நிமிடம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஓரத்து வடிகால் கான் பக்கம் ஒரு முழத்துக்குக் கிட்டச் சில்லு போகவில்லை.

லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஏ, காரு முதுகக் காட்டிக்கிட்டு வருதுடா!"

வாசலில் நின்ற கங்காணி தலைப்பாகையை அவிழ்த்தார். "என்னாங்க மிஸ்ஸி, எங்க மேல கோவமா? மூஞ்சியக் காட்டாம வர்றீங்க?"

"கோவமில்ல கங்காணி. உங்கட ரோட்டுக்கு இதுதான் மரியாதை."

வைத்தியர் வந்து சேர இன்னும் இருபது நிமிடம் ஆனது. ஒரு கல்லில் இருந்து மூச்சு வாங்கினார். பிறகு கடதாசியை எடுத்து அவள் பெயரை எழுதினார்.

பதினெட்டு நாள் கழித்து மேல் லயத்திலிருந்து ஆள் வந்தது. மழை. பிற்பகல் மூன்று ஐம்பதுக்குக் கண்டியிலிருந்து புறப்பட்டாள். பின்னால் பார்க்க வசதியாக ஹூட்டை மடித்திருந்ததால் நான் பின் இருக்கையில் குடை பிடித்தபடி போனேன். மூன்றாம் வளைவில் காரைத் திருப்பினோம். நான்கு நாற்பதுக்கு லயத்து வாசலில் அவள் இறங்கினாள். ஐந்து மணி பத்து நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் குடிக்கச் சூடான சாயத்தண்ணி கேட்டாள்.