தூணுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு

கட்டடக் கலைஞர் வெஸ்லி நான்கெர்விஸ், ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ என்ற ஊரில் தங்கச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். மெல்போர்னில் தொழில் கற்று, ஊர் திரும்பி, வங்கி, சாராயக்கடை, தேவாலயம் என்று வித்தியாசம் பார்க்காமல் கட்டிப் பேர் வாங்கினார். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரிக் கமிட்டியோடு மல்லுக்கு நின்றது அவருடைய அப்பாவுக்காக.

அப்பா ஜேபெஸுக்குச் சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. பழைய ஆஸ்பத்திரியின் தெற்கு வார்டில் இருமிக்கொண்டு கிடந்தார். நான் அங்கே சமையல்காரி. என் சூப் கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும், அவ்வளவு குளிர். எங்கள் ஊரில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும். ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அச்சான புத்தகத்தைப் பார்த்து நல்ல அறைகளையெல்லாம் தெற்கே வைத்தார்கள். எழுதிய மகராசனுக்கு எங்கள் சூரியனை எங்கே தெரியும்?

புதிய ஆஸ்பத்திரிக்கு வெஸ்லி வரைந்த படத்தில் வார்டுகள் எல்லாம் வடக்கே, தோட்டத்தைப் பார்த்து இருந்தன. தெற்கே பெரிய தெருவுக்கு வெறும் சுவர். கமிட்டித் தலைவர் பெதெரிக், ஜவுளிக்கடைக்காரர், கொதித்துப்போனார்.

“ஊருக்கு முதுகக் காட்டுற ஆஸ்பத்திரிக்கா இவ்வளவு பேரு நன்கொடை குடுத்தாங்க?”

“தெருவுக்கு இருமல் இல்லீங்களே ஐயா,” என்றார் வெஸ்லி.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தலைவர் சொல்லிவிட்டார். வேறு ஆள் வந்தால் அப்பா மறுபடியும் தெற்கில்தான் கிடக்கவேண்டும். வெஸ்லி படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பிறகு தெருப்பக்கம் பெரிய பெரிய தூண்கள், அகலமான படிகள், கல்லில் கொடையாளிகள் பெயர் என்று வரைந்துகொண்டு வந்தார். வார்டுகளை இம்மியும் நகர்த்தவில்லை. கமிட்டிக்கு வாயெல்லாம் பல். அந்த வாசலுக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் உருளைக்கிழங்கு மூட்டைகள்தான் வந்தன. குளிர்ந்த இடம், சீக்கிரம் முளைவிடாது.

பிற்பாடு அந்தத் தூண்களுக்காகவே பல ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கேட்டவர்களுக்குத் தூணும் கொடுத்தார், கேட்காத வெயிலையும் சேர்த்துக் கொடுத்தார்.

புதிய ஆஸ்பத்திரி திறந்ததும் ஜேபெஸை வண்டியில் தோட்டத்து வாசல் வழியாகக் கொண்டுவந்தோம். ஜூலை மாதம், எங்களுக்கு நடுக் குளிர்காலம். கட்டிலில் பாதிக்கு வெயில் விழுந்திருந்தது. நான் கொடுத்த சூப் கடைசிக் கரண்டி வரை சூடாக இருந்தது.

“முன்வாசல் பிரமாதம்னு ஊரே பேசுதாமேடா,” என்றார் மகனிடம். “நான் இன்னும் பாக்கல.”

“நீங்க பாக்கவே வேணாம்ப்பா.”

“சரி, கட்டில இன்னுங் கொஞ்சம் வெயில் பக்கம் தள்ளு.”