எண்பத்தைந்து டிகிரியில் நின்ற கல்யாணம்

நெரவியில் வயல் வேலை செய்து பிழைக்கிற வீட்டில் பிறந்த தமிழரசி, காரைக்காலில் ஆனந்தராஜின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தாள். உலகத்தில் அவளுக்குப் பிரமிப்பு ஒன்றே ஒன்றுதான், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ப்ராசஸர். "இத்துனூண்டு சில்லு, எத்தனை பேரு கல்யாணத்தைக் கட்டி மேய்க்குது பாருங்க!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். கோயிலில்கூட அவ்வளவு பக்தியாய் அவள் நின்றதில்லை.

அப்படிப்பட்டவள்தான் அதைப் பாடாய்ப் படுத்தினாள். புது மெஷின் வாங்க ஆனந்தராஜுக்கு வசதியில்லை. அதனால் 2007 மார்கழியில், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, 1.8 கிகாஹெர்ட்ஸில் ஓடவேண்டிய ப்ராசஸரை 2.6-க்கு ஏற்றிவிட்டாள். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். ஏழு மணி நேர வேலை ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. ஆனந்தராஜ் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார்.

சித்திரை வந்ததும் பெருமையெல்லாம் ஆவியாகிப் போயிற்று. ப்ராசஸரோடு வந்த சின்ன ஃபேனால் சமாளிக்க முடியவில்லை. சூடு எண்பத்தைந்து டிகிரியைத் தொட்டதும் மெஷின் தானே அணைந்துவிடும். கருக்களாச்சேரி மீன்காரி காசியம்மாவின் மகள் அல்லியின் கல்யாணம் மூன்று தரம் அப்படி நின்றது. மூன்று தரமும் தாலி கட்டுவதற்கு முன்னால்! அந்தப் பாவம் யாரைச் சேரும்? வேகத்தைக் குறைத்தால் நிற்காதுதான். ஆனால் முகூர்த்த மாதம், இன்னும் நாலு கல்யாணம் வரிசையில் காத்திருந்தது.

ஆனந்தராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா எடிட்டிங்கை மொத்தமா கும்பகோணத்துக்குக் குடுத்துடுறேன் தமிழரசி. நீ ஆல்பம் ஒட்டு, போதும்" என்றார். அந்த நாற்காலியை விட்டால் தமிழரசிக்கு வேறு எதுவும் கிடையாது.

தையற்கார இஞ்ச் டேப்பால் கம்ப்யூட்டர் பெட்டியின், அதாவது கேபினெட்டின் அகலத்தை அளந்துகொண்டு மதார் சாகிப்பின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். மதார் சாகிப் ப்ராசஸரைக் குளிர்விக்கிற கூலரில் மூன்றை எடுத்து வைத்தார். முந்நூறு ரூபாய்க்கு ஒன்று, பழைய ஃபேனுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. மூவாயிரத்துக்கு ஒன்று, சின்ன மாடிவீடு. அதை மாட்டினால் கேபினெட் மூடியே மூடாது. நடுவில் ஆயிரத்து நூறுக்கு ஒன்று: அலுமினியத் தகடுகள், மூன்று செப்புக் குழாய்கள், பக்கத்தில் ஒரு ஃபேன்.

"குழாய்க்குள்ள என்ன பாய் இருக்கு?"

"ஒண்ணு ரெண்டு சொட்டுத் தண்ணிம்மா. சூட்டுல ஆவியாகி மேல போவும், தகட்டுல குளிர்ந்து திரும்பக் கீழ வரும். போயிட்டு வந்துட்டே இருக்கும். தீரவே தீராது."

தமிழரசிக்குப் புல்லரித்துப் போயிற்று. விரல் தடிமன் கூட இல்லாத குழாய்க்குள் ஒரு மழை! பேரம் பேசக்கூட மறந்துவிட்டாள்.

கூலரை மாட்டியபின் காலையெல்லாம் சூடு அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. அப்பாடா என்றிருந்தது. மத்தியானம் கடல்காற்று எழுந்ததும், என்ன மாயமோ, ஜிவ்வென்று ஏறியது. எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து. நின்றுவிட்டது, நாலாவது தரம். ஆனந்தராஜ் மீதிக் கல்யாணங்களின் கேசட்டுகளை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினார். "நாளைக்குக் கும்பகோணம் போறேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸுக்கு அவர் கிளம்புகிற நேரத்தில் காசியம்மா மீன் விற்ற கூடையோடு வந்துவிட்டாள். "டிவிடி குடுக்காம இங்கேருந்து ஒரு எட்டு நவரமாட்டேன் ஆயி" என்று கிழக்குச் சன்னல் திட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சன்னலை முழுக்க அடைக்கிற உடம்பு. கம்ப்யூட்டர் அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. காரைக்காலில் குளிர்ச்சி வேண்டிய எதையும் கிழக்குச் சன்னலை ஒட்டித்தானே வைப்பார்கள்!

தமிழரசி அல்லி கல்யாணத்தை ஐந்தாவது தரமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எண்பது. காசியம்மா உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுபத்தாறு. பிறகு எழுபத்தொன்று.

"அண்ணே, இங்க வாங்க! இவங்க உக்காந்ததும் சூடு இறங்குது!"

"கைராசிக்காரவங்க. தெனம் கூட்டியாந்து உக்கார வச்சுடு" என்றார் ஆனந்தராஜ், செருப்பைத் தேடிக்கொண்டே.

காசியம்மா தண்ணீர் குடிக்க எழுந்தாள். எழுபத்தைந்து. உட்கார்ந்தாள். எழுபத்தொன்று. தமிழரசி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து போய், காசியம்மாவைச் சற்று நகரச் சொல்லி, கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்தாள். வெளியே வரவேண்டிய சூட்டுக் காற்று வரவேயில்லை. கடல்காற்றுதான் உள்ளே முட்டிக்கொண்டு நின்றது. அடக் கடவுளே! வங்கக்கடல் மொத்தமும் ஒரு பக்கம் தள்ள, உள்ளங்கையளவு ஃபேன் எதிர்ப்பக்கம் தள்ளினால் எது ஜெயிக்கும்?

பெட்டியைத் திருப்பினால் சிடி போடும் வாய் சன்னலுக்குப் போய்விடும். அதனால் மெஷினை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். பெட்டியின் முதுகிலிருந்த ஃபேனையும், கூலரின் ஃபேனையும் கழற்றித் திருப்பி மாட்டினாள். இனி காற்று முதுகில் நுழைந்து முன்பக்கம் வெளியேற வேண்டும். உப்பும் தூசும் வராமல் ஒரு மெல்லிய துணியைச் சன்னலில் கட்டிவிட்டு, மெஷினை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

"பஸ் போயிடும் தமிழரசி."

"அடுத்த பஸ்ல போங்கண்ணே. கெஞ்சிக் கேக்குறேன்."

ஆனந்தராஜ் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காற்று வலுத்தது. அறுபத்தைந்து. இன்னும் வலுத்தது, துணி படபடத்தது. அறுபத்திரண்டு. காற்று அடிக்க அடிக்கச் சூடு இறங்கியது. மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ்ஸும் போனது, அதற்கடுத்ததும் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் டிவிடியைப் போட்டுப் பார்த்தார்கள். அல்லியின் கழுத்தில் தாலி ஏறியது. காசியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தமிழரசி பெட்டியின் முன்பக்கம் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். கருக்களாச்சேரிக் கரையைத் தாண்டி வந்த காற்று, மூன்று செப்புக் குழாய்களைத் தொட்டுவிட்டு வெதுவெதுப்பாக அவள் கையில் பட்டது. அவளுக்கும் அழுகை வந்தது.

ஆனந்தராஜ் மஞ்சள் பையிலிருந்து கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் மேசையில் அடுக்கினார்.

"கோட்டுச்சேரிக் கல்யாணத்தை மொதல்ல போடு" என்றார்.