நிங்கேகவுடருக்குச் சூடு தெரியாமப் போன கால்

மண்டியா பக்கம் எங்க ஊருல வெல்லம் காய்ச்சுறதுல நிங்கேகவுடர மிஞ்ச ஆளில்ல. மாரம்மா திருவிழாவுல குண்டத்துல மொதல்ல எறங்குற உரிமையும் அவருக்குத்தான். போன வருஷம் நெருப்புல நடந்து வந்தவரு, "சுடவே இல்லடா! அம்மா நெருப்பப் பூவாக்கிட்டா!"ன்னு மீசைய முறுக்குனாரு. ஊரே கால்ல விழுந்துச்சு. விழுந்ததுல ஒருத்தன்கூட அந்த உள்ளங்காலத் திருப்பிப் பாக்கல.

பாத்தது பொண்டாட்டி தாயம்மாதான். எட்டணா அகலத்துக்குப் புண்ணு. மாசக்கணக்கா மஞ்ச வெச்சும் ஆறல. நாத்தம் வரவும் மண்டியா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனா.

டாக்டரம்மா சௌபாக்யா ஊசியால காலக் குத்துனாங்க. கவுடரு ஜன்னல் வழியா பஸ்ஸ வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தாரு.

"இது அம்மா அருள் இல்ல கவுடரே, சக்கர வியாதி. நரம்பு செத்துப்போச்சு. இப்படியே விட்டா காலையே எடுக்கணும்."

கவுடரு பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டாரு. "ஒடம்புல அவ்ளோ சக்கர இருக்குல்ல? அதத் தின்னுட்டு புண்ணு ஆற வேண்டியதுதான?"

டாக்டரம்மாவும் வெல்ல ஆலை வீட்டுல பொறந்தவங்கதான். "வெளிய எரிக்கக் கரும்புச் சக்க மலையாக் கெடக்கு, அடுப்பு வாய் அடச்சிருக்கு. பாகு காயுமா?"

"எப்படிக் காயும்?"

"ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு அடுப்பு. ரத்தத்துல சக்கர மெதக்குது, அடுப்பு சரியா எரியல. தோல் வளக்குறதுக்குத் தெம்பு எங்கருந்து வரும்? மருந்து அடுப்பப் பாத்துக்கும். நீங்க காலக் கீழ ஊனாம இருங்க. வாயக் கட்டுங்க."

புண்ணு மேல பாரம் விழாம இருக்க மாவுக்கட்டு போட்டு அனுப்புனாங்க. அடுத்த மாசம் போனா புண்ணு அப்படியே இருக்கு, சக்கர எறங்கல.

"சத்தியமா இனிப்பு ஒண்ணும் திங்கல"ன்னாரு கவுடரு.

தாயம்மா விடுவாளா? "பாகு காயுற கொப்பரைக்குக் கொப்பரை வெரல விட்டு நக்குறது யாரு, உங்கப்பனா?"

"அது பதம் பாக்குறதுடி! திங்கறதா?"

டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டி மொறச்சாங்க. கவுடரு கூரையப் பாத்தாரு.

அன்னியிலருந்து நாக்குக்குப் பூட்டு. நாற்காலியில ஒக்காந்தபடியே பாகத் தண்ணியில சொட்டி, உருட்டிப் பாத்துப் பதம் சொன்னாரு. வெல்லம் ஒண்ணும் கெட்டுப்போகல. புண்ணு ஓரம் செவந்து, சுருங்கி, உகாதிக்கு முன்னாடியே மூடிக்கிச்சு. கால் தப்பிச்சுது.

இந்த வருஷத் திருவிழாவுல குண்டத்துக்குத் தீ மூட்டுனது கவுடருதான். ஆனா எறங்கல. மெத்துமெத்துன்னு ஒரு செருப்பு மாட்டிக்கிட்டு ஓரமா நின்னாரு. மொத நடை பங்காளி ஹொன்னய்யாவுக்குப் போச்சு. அவன் சும்மா இருப்பானா?

"என்னண்ணா, அம்மா கூப்புடலியா?"

"கூப்புட்டா. செருப்போட வரேன்னேன், வேணாம்னுட்டா."

ஹொன்னய்யா நெஞ்ச நிமித்திக்கிட்டு, மாப்பிள்ளை நடை நடந்து அந்தாண்ட ஏறுனான். "அண்ணா, சுடவே இல்லண்ணா!"

ஜனம் அவன் கால்ல விழுறதுக்குள்ள கவுடரு அவன் கையக் கெட்டியாப் புடிச்சாரு.

"ஏறுடா வண்டியில."

"எங்கண்ணா?"

"மண்டியாவுக்கு. டாக்டரம்மாகிட்ட ஒரு ஊசி இருக்கு. அதுவாச்சும் குத்துதான்னு பாத்துட்டு வந்துடலாம்."