சித்தப்பாவின் பேய்ப்படம்

பிரான்சில் ஐந்து வருடம் இருந்துவிட்டுச் சித்தப்பா வெம்பிளியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அவருடைய பெட்டியில் உடுப்பைவிடச் சித்திரக்கதைப் புத்தகங்களே அதிகம். பிரெஞ்சில் இருந்தவற்றை எனக்கு யாழ்ப்பாணத் தமிழில் வாசித்துக் காட்டுவார். படைத்தளபதிகூட "உங்க என்னடாப்பா சத்தம்?" என்றுதான் கேட்பான். ஒரு புத்தகத்தை மட்டும் கையில் தரமாட்டார், கதையைச் சொல்வார். இறந்துபோன ஒருத்தி காதலனைத் தேடிக் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறாள். சொல்லும்போது சில பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்.

அந்தக் கதை படமாகவும் வந்திருந்தது. அதன் வீடியோ கசெட்டைப் பெட்டியின் அடியில் ஒரு சேட்டில் சுற்றி வைத்திருந்தார். நாங்கள் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் அவருக்குத் தவறாமல் தலையிடி வரும்.

ஒருநாள் தோய்க்க உடுப்பு எடுத்த அம்மாவின் கையில் அது அகப்பட்டது. அட்டையில் இருந்த பேய்க்கு நீளமான தலைமயிரைத் தவிர வேறு உடுப்பு இல்லை.

"பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டில வைச்சிருக்கிற சாமானே இது?" என்று அம்மா குசினியில் கிசுகிசுத்தது மாடிப்படி வரை கேட்டது.

"கள்ளக் கொப்பிக்கு எந்த அட்டையையும் போடுவாங்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாப்பம். அப்பிடிப்பட்ட படமெண்டால் அவன் வேற இடம் பாக்கட்டும்," என்றார் அப்பா. அவர் நீதியான மனிதர். பார்க்காமல் தண்டிக்க மாட்டார்.

சித்தப்பா போய்விட்டால் எனக்கு யார் கதை வாசித்துக் காட்டுவது?

அப்போது எங்கள் வீட்டில் இரண்டு வீடியோ டெக்குகள் இருந்தன. கொழும்பிலிருந்து ஒரு கல்யாண வீடியோ வந்தால் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் பிரதி எடுத்து அனுப்ப வேண்டும். வயர் பொருத்திப் பதிவது என் வேலை. அழியக்கூடாத கசெட்டுகளின் முதுகில் உள்ள சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்பதும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை சித்தப்பா பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போனதும், பேயின் மேல் மாமி மகளின் கல்யாணத்தைப் பதிந்தேன்.

மறுநாள் அப்பா சித்தப்பாவை இருத்தி வைத்துக்கொண்டு, என்னை மேலே அனுப்பிவிட்டுக் கசெட்டைப் போட்டார். நாதஸ்வரம் கேட்டது. பிறகு அப்பாவின் சிரிப்பு.

"டேய் தம்பி, இதையோடா இப்பிடிப் பொத்திப் பொத்தி வைச்சனீ?"

அம்மா வெட்கத்தில் அன்று இரண்டு கறி கூடச் சமைத்தார். சித்தப்பா இன்னும் ஆறு வருடம் எங்களோடு இருந்தார். கல்யாணம் செய்யவில்லை. கடைசியில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் அறையில் தனியாக இருந்து, மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார்.

போன வாரம் அந்தப் பேய்ப்படத்தைப் புதுப்பித்து இங்கே ஒரு தியேட்டரில் போட்டார்கள். சித்திரக்கலை படிக்கும் என் மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். "அம்மா, அது கிளாசிக். எனக்கு இருபது வயசு," என்றாள். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். பாதிப் படம் வரை மடியிலிருந்த கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது ஒரு சவ ஊர்வலம். கறுப்புக் கோட்டுப் போட்ட கூட்டத்தில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள். அகதி முகாமிலிருந்து கூட்டத்துக்கு ஆள் பிடித்திருப்பார்கள். ஒருவர் சித்தப்பா; என் மகளின் வயதுதான் இருக்கும். மற்றவர் ஒரு பெண். எல்லோரும் பேயைக் கண்டு வெருண்டு நிற்க, பக்கத்தில் நின்ற அவள் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று விநாடிகூட இராது.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்து அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், பிரான்சில ஒரு பிள்ளையோட விருப்பமாம். அந்தப் பிள்ளை நிமோனியா வந்து அங்கயே செத்துப்போச்சு. அவளின்ர ஒரு போட்டோ கூட இல்லையெண்டு ஒருக்கால் சொன்னவன்," என்றார் அம்மா.

அப்பா கசெட்டைப் போட்டுப் பார்த்த அந்த ஞாயிறு பின்னேரம் சித்தப்பா என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார்.

"நீயோ பிள்ளை பதிஞ்சது?"

தலையாட்டினேன்.

"முழுக்கவோ? நடுவில, கடைசியில, கொஞ்சமும் மிச்சமில்லையோ?"

"ஒரு துண்டும் இல்லை சித்தப்பா. தாலி, சாப்பாடு, ஆசீர்வாதம் எல்லாம் போட்டு நிரப்பிட்டன்."

அவர் என் தலையைத் தடவினார். என்னைக் கெட்டிக்காரி என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.