லைனில் காத்திருந்த மத்தியானங்கள்

அந்தப் பங்குனியில் எங்கள் பிரிஜ் குளிர்வதை நிறுத்திவிட்டது. வாங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. உள்ளே விளக்கு எரியும், மோட்டர் உறுமும். தண்ணீர்ப் போத்தல் மட்டும் வெயிலில் கிடந்ததுபோலச் சுடும். என் கணவருக்குச் சலரோகம். இன்சுலின் வைக்கத்தான் அதை வாங்கினோம். மருந்தை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துவிட்டு, விற்ற கடைக்குப் போன் எடுத்தேன். "நாங்கள் விக்கிறதோட சரி. திருத்திறது கொம்பனி" என்று சொல்லி, கொழும்பு வாடிக்கையாளர் சேவை இலக்கத்தைத் தந்தார்கள்.

பூநகரியில் எங்கள் வீட்டுக்குள் கவரேஜ் வராது. கடல்பக்க வேலியோரம் பூவரசின் கீழே நின்றால்தான் குரல் கேட்கும். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். எல்லோரும் வேலையாக இருக்கிறார்களாம், இணைப்பில் இருக்கட்டாம். பிறகு பியானோ இசை தொடங்கியது.

"எடுத்திட்டினமோ?" என்று இவர் குசினி வாசலில் நின்று கேட்டார்.

"இல்லை, பாட்டுத்தான் போகுது."

"லவுட்ஸ்பீக்கரில போடும். நானும் கேப்பம்."

இரண்டு கதிரைகளைத் தூக்கிவந்து போட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். கடல்நீர் வற்றி, சேறு உப்புப்பூத்து வெளுத்திருந்தது. தூரத்தில் பூநாரைகள் நிற்கின்றனவா, வெயில்தான் அப்படி அசைகிறதா என்று தெரியவில்லை. அந்தப் பியானோ, தண்ணீருக்கு அடியில் யாரோ வாசிப்பதுபோல மெல்ல மெல்ல வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டுபேரும் ஒரு மத்தியானத்தில் இப்படி வேலையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டார். போனில் போட்டிருந்த ரீலோட் காசு முடிந்து பாட்டு அறுந்தபோதுதான் திறந்தார்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. சந்திக் கடையில் ரீலோட் போடுவேன். பூவரசின் கீழே அது கரைந்துபோகும். "காசு குடுத்துப் பாட்டுக் கேக்கிறம்" என்று இவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் பானைக்குள் கைவிட்டு மருந்தைத் தொட்டுப்பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

ஒருநாள் நான் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன். யாரோ படலையில் நின்று வணக்கம் சொல்வதுபோல இருந்தது. "வாங்கோ, உள்ள வாங்கோ" என்றேன்.

"மேடம்?" என்றது போன்.

திடுக்கிட்டு எழும்பி, பிரிஜ்ஜின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். இன்சுலின் என்று சொல்லி வாய் மூடமுன்னமே ரீலோட் முடிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

அடுத்தநாள் காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். மாவட்டச் செயலகமான கச்சேரியில் பாவனையாளர் முறைப்பாடுகளைப் பார்க்கிற பிள்ளை, என்னைவிட வயது குறைந்தவ, பில்லை வாங்கிப் பார்த்தா.

"உத்தரவாதக் காலம் முடியேல்லைத்தானே அக்கா. வித்த கடைக்கும் பொறுப்பு இருக்கு. நீங்கள் ஏன் போனில காசைக் கரைக்கிறீங்கள்?"

"கரைஞ்ச காசு திரும்பி வருமோ தங்கச்சி?"

அவ கொஞ்சம் யோசித்தா. "அதுக்கு நான் வாக்குத் தரமாட்டன். அதையும் சேர்த்து எழுதுங்கோ, கேட்டுப் பாப்பம்."

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவ கடைக்காரரோடு போனில் கதைத்தா. குரலை உயர்த்தவே இல்லை. அந்தக் கிழமையே ஒருவர் வந்து கொம்பிரசரை மாற்றினார். ரீலோட்டுக்குப் போன காசு மட்டும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, வேலியில் முருங்கை இலை பறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கொம்பனியிலிருந்து ஒரு பெண்பிள்ளை. சேவைக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி தருவீர்கள் என்று கேட்டா. அவர்கள் எடுத்த அழைப்பு, அவர்களின் காசு. எனக்கு அவசரமில்லை.

"பிள்ளைக்கு எந்த ஊர்?"

"ஹட்டன் பக்கம்மா. இப்ப கொழும்புல வேலை."

"அங்க மழையோ?"

"ஒரே மழையாம். அம்மா சொன்னாங்க. தேயிலைக்குப் போகவே முடியலையாம்."

நான் காணாத அந்த மலையில், பச்சைக்கு மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

"கொம்பனிக்கு மூண்டு போடுங்கோ" என்றேன். "பிள்ளைக்கு ஐஞ்சு. அப்பிடிப் போட இடமிருந்தால்."